காது கருவி அணிந்து இரைச்சலில் வேலை செய்பவரா?

காது கேட்கும் கருவியை அணைத்துவிட்டால் அதுவே காதுக்குப் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பல கருவிகளில் காற்றோட்டத்துக்காகத் துளை இருக்கும். அதன் வழியே இரைச்சல் உள்ளே போகும். கருவி இயங்கினாலோ, அந்த இரைச்சலையும் பெருக்கித் தரலாம்.

அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் பரிந்துரைக்கும் எல்லை, 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும்.

எனவே விசைத்தறிக்கூடம், பட்டறை போன்ற இடங்களில் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, காதை முழுதாக மூடும் இயர்மஃப் அணியுங்கள். எச்சரிக்கை ஒலி கேட்க வேண்டிய வேலையா? கருவியின் மேலேயே இயர்மஃப் அணியலாமா என்று ஆடியாலஜிஸ்டிடம் கேளுங்கள். ஆபத்து நேரத்துக்கான கைசைகையை உடன் வேலை செய்பவர்களோடு பேசி வையுங்கள்.

எஞ்சியிருக்கும் செவித்திறனும் அல்லாஹ் தந்த அமானிதமே. செவியைப் பற்றியும் மறுமையில் விசாரணை உண்டு (அல்குர்ஆன் 17:36).