தட்டு பழுதானால் தகவல் அழிந்ததா?

கணிப்பொறியின் வன்தட்டு ஒருநாள் இயங்காது நின்றுவிட்டால், அதில் வைத்திருந்த திருமணப் படங்களும் பத்திரங்களின் படிகளும் ஒருங்கே அழிந்தன என்று பலர் கலங்குகின்றனர். அக்கலக்கம் எப்போதும் பொருந்துவதன்று. எங்கள் செட்டிநாட்டு வீடுகளில் இரும்புப் பெட்டியின் சாவி தொலைந்தால், உள்ளிருக்கும் நகை தொலைந்துவிடுவதில்லை. வழி தெரியாதவன் கடப்பாரையை எடுக்கும்போதுதான் நகைக்குக் கேடு வருகிறது.

வன்தட்டினுள் காந்தப் பூச்சுடைய வட்டத் தகடுகள் நிமிடத்திற்கு 5,400 முறையோ 7,200 முறையோ சுழல்கின்றன. தலைமயிரின் பருமனைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறைந்த இடைவெளியில், படிக்கும் முனை அவற்றின்மேல் மிதந்து செல்கிறது. தகவல்கள் காந்தக் குறிகளாகப் பதிந்துள்ளன. மோட்டாரோ மின்சுற்றோ கெட்டாலும் அக்குறிகள் பெரும்பாலும் நிலைத்திருக்கும். ஆயின் முனை தகட்டில் உரசினால் பூச்சே சுரண்டப்படும். அவ்வாறு போனதை எவராலும் மீட்க இயலாது.

நாமே அழித்துவிட்ட கோப்பின் நிலை வேறு. ஆசிரியப் பணியில் இருந்தவனாகையால் பள்ளி உவமையொன்று கூறுகிறேன். பதிவேட்டில் பெயரை அடித்தபின்னும், புதியவன் வந்து அமரும்வரை பழைய மாணவன் தன் இடத்திலேயே இருப்பதை ஒக்கும் அது. எனவே அத்தட்டில் புதிதாக எதனையும் எழுதலாகாது. சுழலும் தகடில்லாத எஸ்.எஸ்.டி. வகையில் இவ்வாய்ப்பு மிகக் குறைவு. அழித்த இடத்தை அது தானே விரைவில் துடைத்துவிடும்.

பெருஞ்சேதத்திலிருந்தும் தகவல் மீளக்கூடும் என்பதற்குச் சான்றொன்று உண்டு. 2003 பிப்ரவரி 1ஆம் நாள் கொலம்பியா விண்கலம் சிதைந்து, கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவர் மாண்டனர். சிதறல்களிடையே டெக்ஸாஸில் கருகிய வன்தட்டொன்று கிடைத்தது. வல்லுநர் அதன் தகடுகளைத் தூய்மை செய்து, வேறொரு வன்தட்டினுள் பொருத்தி, ஏறத்தாழ 99 விழுக்காட்டினை மீட்டனர். அதிலிருந்த செனான் ஆய்வின் முடிவுகள் 2008இல் வெளியாயின.

ஆதலால் தட்டிலிருந்து 'டக் டக்' என ஒலி எழுந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்துக. மீண்டும் மீண்டும் இயக்குவதும், தூசி படிய வீட்டிலே திறப்பதும், குளிர்பெட்டியில் வைப்பதும் கேடே. தேர்ந்த வல்லுநர், தட்டு இயங்குமளவிற்குச் சீராக்கி, முழுவதையும் படியெடுத்து, அப்படியின் மீதே மற்ற வேலைகளைச் செய்வர்.

மீட்பினும் சிறந்தது முன்னரே எடுத்த படி. ஓலை செல்லரிக்கும் என்றறிந்த நம் முன்னோர் ஏடுகளைப் பெயர்த்தெழுதி வந்தனர். காரைக்குடிக்கு அருகே கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த அரிய நூல்கள், 1992இல் அவர் மறைந்தபின் சென்னை சேர்ந்து, 1994 முதல் அவர் பெயரால் நூலகமாயின. அங்கே நுண்படச் சுருள்களில் படியெடுக்கப்பட்டன. ஒரே தட்டை நம்பியிருப்போர், இன்றே இன்னொன்றில் படியெடுத்து வேறோர் இடத்தில் வைப்பாராக.