ஆபீஸ் அட்ரஸ் புக் வீட்டுக்கு வந்தால் ஏன் பழசாகிறது?

2012-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எதிர் பிளாட்டில் குடியிருந்த பெண் கையில் லேப்டாப்புடன் வந்து நின்றார். ஒரு நிறுவனத்தில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் வேலை பார்ப்பவர். “அண்ணா, நான் அனுப்பின மெயில் வேற ஆளுக்குப் போயிருக்கு. சம்பள ஷீட் அது. நான் சரியாத்தான் பேரை டைப் பண்ணேன்” என்றார். முகத்தில் இரவு தூங்காத களைப்பு.

நடந்தது இதுதான். அவர் பிரிவுக்குப் புதிதாக விஜயலட்சுமி என்ற மேனேஜர் வியாழக்கிழமை வேலையில் சேர்ந்திருக்கிறார். சனிக்கிழமை இரவு வீட்டில் இருந்தபடியே அவருக்குச் சம்பள ஷீட்டை அனுப்ப வேண்டும். இவர் டூ கட்டத்தில் ‘விஜயல’ என்று அடித்து, கன்ட்ரோல் + கே கீகளை அழுத்தினார். பெயர் முழுதாக வந்து, அடியில் கோடும் விழுந்தது. அனுப்பிவிட்டார். ஆனால் அது வேறு ஊர் கிளையில் விற்பனைப் பிரிவில் இருந்த இன்னொரு விஜயலட்சுமி. எல்லாருடைய சம்பளமும் அவர் திரையில் திறந்துவிட்டது.

ஒரே பெயரில் இருவர் இருந்தால் அவுட்லுக் யார் வேண்டும் என்று கேட்குமே, ஏன் கேட்கவில்லை? அந்த லேப்டாப்பைப் பொறுத்தவரை நிறுவனத்தில் ஒரே ஒரு விஜயலட்சுமிதான் இருந்தார். அதனால் கேள்வியே வரவில்லை. குற்றவாளி, ஆப்லைன் அட்ரஸ் புக். ஆபீஸ் லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவரும் அனைவரிடமும் இருப்பது. ஆனால் பெரும்பாலோர் பெயர்கூடக் கேள்விப்படாதது. (வீட்டு ஜிமெயில் கணக்கை மட்டும் அவுட்லுக்கில் வைத்திருப்பவர்களுக்கு இது கிடையாது.)

அசலும் நகலும்

மைக்ரோசாப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வர் பயன்படுத்தும் நிறுவனங்களில், ஊழியர்களின் பெயர், மெயில் முகவரி, போன் எண், பதவி எல்லாம் ஆக்டிவ் டைரக்டரி என்ற தகவல் தளத்தில் இருக்கும். அதிலிருந்து எடுத்துக் காட்டப்படும் பட்டியலுக்குக் குளோபல் அட்ரஸ் லிஸ்ட் என்று பெயர். இதுதான் அசல். ஒருவரைச் சேர்த்தால் சற்று நேரத்தில் இதில் வந்துவிடும்.

ஆப்லைன் அட்ரஸ் புக் என்பது அந்தப் பட்டியலின் நகல். சர்வர் குறிப்பிட்ட நேரத்தில் பட்டியலைப் பைல்களாகத் தயாரித்து வைக்கிறது. உங்கள் அவுட்லுக் அதை இறக்கி ஹார்டு டிஸ்க்கில் வைத்துக்கொள்கிறது. சர்வர் தொடர்பு இல்லாதபோதும், ரயிலில் உட்கார்ந்தும்கூட நீங்கள் பெயரைத் தேடி மெயில் எழுதி வைக்கலாம். மோடம் காலத்தில் பயணத்தில் இருப்பவர்களுக்காக இந்த ஏற்பாடு. அப்போது 10 எம்பி அட்ரஸ் புக்கை 56 கேபிபிஎஸ் மோடத்தில் இறக்கினால், வேகம் குறையாமல் வந்தாலே 24 நிமிடம் ஆகும். போன் பில்லும் ஏறும்.

பிறகு 2003-ல் வந்த அவுட்லுக், கேச்டு எக்ஸ்சேஞ்ச் மோட் என்ற வசதியைக் கொண்டுவந்தது. மெயில்பாக்ஸின் நகலைக் கம்ப்யூட்டரிலேயே வைத்து வேலை செய்யும் முறை. வேகம் கூடியது, சர்வரின் சுமையும் குறைந்தது. கூடவே இன்னொன்றும் நடந்தது. இந்த மோடில் ஆபீஸில் நெட்வொர்க் கேபிளைச் செருகி உட்கார்ந்திருந்தாலும் அவுட்லுக் பெயர்களைத் தேடுவது நகலில்தான்! பட்டியலின் தலைப்பில் குளோபல் அட்ரஸ் லிஸ்ட் என்றே இருப்பதால், நாம் அசலைப் பார்ப்பதாக நினைத்துக்கொள்கிறோம்.

எத்தனை மணி நேரம் பழசு?

எக்ஸ்சேஞ்ச் 2007, 2010 பதிப்புகளில், யாரும் மாற்றாவிட்டால், நகல் தயாராவது தினம் ஒரு முறை, விடியற்காலை 5 மணிக்கு. தயாரான பைல்களை, அவுட்லுக்குக்குக் கொடுக்கும் இன்னொரு சர்வர் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அது 480 நிமிடத்துக்கு, அதாவது 8 மணி நேரத்துக்கு ஒரு முறைதான் எட்டிப் பார்க்கும். கடைசியாக உங்கள் அவுட்லுக். முந்தைய டவுன்லோட் முடிந்து 24 மணி நேரம் ஆன பிறகுதான் அது மறுபடி கேட்கும். அதுவும் அவுட்லுக் திறந்திருந்தால்.

கணக்குப் போடுங்கள். காலை 5 மணி தாண்டியதும் ஒருவரைச் சேர்த்தால் நகல் தயாராக 24, சர்வர் எடுத்து வைக்க 8, உங்களிடம் வர இன்னொரு 24. மோசமான நிலையில் 56 மணி நேரம். எதுவும் பழுதாகாமலே இவ்வளவு தாமதம். எக்ஸ்சேஞ்ச் 2013 முதல் இந்த ஏற்பாடு மாறியது. நகல் தயாரிப்பு 8 மணி நேரச் சுழற்சியில் நடக்கிறது. ஆனால் அவுட்லுக்கின் 24 மணி நேரப் பழக்கம் அப்படியேதான்.

எதிர் வீட்டுப் பெண்ணின் கதைக்கு வருவோம். புது மேனேஜரின் கணக்கு வியாழன் மதியம் உருவானது. வெள்ளி விடியற்காலை நகல் தயார். இவருடைய அவுட்லுக் முந்தைய நாள் 11 மணிக்கு நகலை இறக்கியிருந்ததால், வெள்ளி 11 மணிக்குத்தான் மறுபடி கேட்கும். இவரோ பத்தரைக்கே லேப்டாப்பை மூடி வேறு வேலையாக வெளியே போய்விட்டார். சரி, சனிக்கிழமை வீட்டில் திறந்தபோது வந்திருக்க வேண்டாமா? அங்கேதான் உண்மையான பழுது.

எக்ஸ்சேஞ்ச் 2007 முதல் அட்ரஸ் புக்கை வெப் வழியாக இறக்கும் முறை உண்டு. இதற்கு சர்வரில் இரண்டு முகவரிகள் தர வேண்டும். ஒன்று ஆபீஸுக்குள் இருப்பவர்களுக்கு, மற்றொன்று வெளியில் இருப்பவர்களுக்கு. அந்த நிறுவனத்தில் வெளி முகவரிக் கட்டம் காலியாக விடப்பட்டிருந்தது. மெயில் வேறு வழியாக வருவதால் வீட்டில் மெயில் வந்தது, போனது. அட்ரஸ் புக் மட்டும் இறங்கவில்லை. அவுட்லுக் இதைப் பெரிதாக அறிவிப்பதும் இல்லை. சென்ட்/ரிசீவ் பெட்டியைத் திறந்து எர்ரர்ஸ் பகுதியில் பார்த்தால்தான் 0எக்ஸ்8004010எஃப் என்ற எண்ணும், பொருள் கிடைக்கவில்லை என்ற செய்தியும் தெரியும். உங்கள் அவுட்லுக்கில் இந்த எண் வந்தால் அட்ரஸ் புக்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இது உங்கள் கையில் தீரும் பிழை அல்ல பெரும்பாலும். எண்ணைக் குறித்துக்கொண்டு சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்லுங்கள்.

அசலைப் பார்க்க ஒரு வழி

ஒரு பெயர் இல்லை என்றதும் ஆபீஸுக்குப் போன் போடுவதற்கு முன், பிரவுசரில் நிறுவனத்தின் வெப்மெயிலைத் திறந்து அங்கே தேடிப் பாருங்கள். வெப்மெயில் உங்கள் ஹார்டு டிஸ்க்கில் உள்ள நகலைத் தொடுவதில்லை. சர்வரின் பட்டியலைக் கேட்கிறது. அங்கே இருந்து அவுட்லுக்கில் இல்லை என்றால் உங்கள் நகல் பழசு. அங்கேயும் இல்லை என்றால் அவர் கணக்கே இன்னும் உருவாகவில்லை, அல்லது பட்டியலில் காட்டாமல் மறைத்திருக்கிறார்கள். முக்கியமான மெயில் என்றால் வெப்மெயிலிலிருந்தே அனுப்பிவிடுவது நல்லது.

நகல் பழசு என்று தெரிந்தால், அவுட்லுக் 2003, 2007-ல் டூல்ஸ் மெனு, சென்ட்/ரிசீவ், டவுன்லோட் அட்ரஸ் புக் என்று போங்கள். 2010-க்குப் பின் வந்த கிளாசிக் அவுட்லுக்கில் சென்ட்/ரிசீவ் டேபில், சென்ட்/ரிசீவ் குரூப்ஸ் என்பதற்குள் இது இருக்கும். வரும் சிறிய பெட்டியில், கடைசி முறைக்குப் பின் ஏற்பட்ட மாற்றங்களை மட்டும் இறக்கு என்ற கட்டத்தில் டிக் இருக்கும். சாதாரணமாக அது போதும். பட்டியலே குழம்பியிருந்தால் டிக்கை எடுத்துவிட்டு முழுதாக இறக்குங்கள். (விண்டோஸின் புதிய அவுட்லுக் இந்தப் பைல்களைப் பயன்படுத்துவதே இல்லை. அதில் இந்த மெனுவைத் தேட வேண்டாம்.)

நீண்ட லீவு முடிந்து வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. மாற்றங்களை மட்டும் தரும் சிறிய பைல்களை சர்வர் 30 நாட்களுக்குத்தான் வைத்திருக்கும். அதற்கு மேல் ஆகிவிட்டால் அவுட்லுக் முழு அட்ரஸ் புக்கையும் இறக்கத் தொடங்கும். மொபைல் டேட்டாவில் இணைத்திருந்தால் கவனம்.

எதற்கும் அசையவில்லையா? அவுட்லுக்கை மூடுங்கள். விஸ்டா முதலான விண்டோஸில், உங்கள் யூசர் போல்டருக்குள் ஆப் டேட்டா, லோக்கல், மைக்ரோசாப்ட், அவுட்லுக் என்று வரிசையாகப் போனால், ஆப்லைன் அட்ரஸ் புக்ஸ் என்ற போல்டர் இருக்கும். ஆப் டேட்டா கண்ணில் படாவிட்டால், மறைந்த பைல்களைக் காட்டும்படி செட்டிங்கை மாற்றிக்கொள்ளுங்கள். அந்தப் போல்டரின் பெயரை மாற்றிவிட்டு, அவுட்லுக்கைத் திறந்து மறுபடி இறக்குங்கள். பக்கத்திலேயே ஓஎஸ்டி என்று முடியும் பெரிய பைல் இருக்கும். அது உங்கள் மெயில்பாக்ஸின் நகல். அதில் கை வைக்காதீர்கள்.

அட்ரஸ் புக் மேல் விழும் வீண் பழி

“புது அட்ரஸ் புக் இறக்கியும் அந்த ஒருவருக்கு மட்டும் மெயில் திரும்பி வருகிறது” என்பது அடிக்கடி காதில் விழும் புகார். இதற்கும் அட்ரஸ் புக்குக்கும் சம்பந்தமில்லை. டூ கட்டத்தில் இரண்டு எழுத்து அடித்ததும் கீழே விழும் பட்டியல் இருக்கிறதே, அது ஆட்டோகம்ப்ளீட். நீங்கள் முன்பு யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ அதன் நினைவு. அவுட்லுக் 2003, 2007-ல் இது என்கே2 என்ற தனிப் பைலில் இருந்தது. புது அட்ரஸ் புக் இறங்கினாலும் இந்தப் பட்டியல் மாறாது.

விஷயம் இன்னும் கொஞ்சம் ஆழமானது. ஒரே நிறுவனத்துக்குள் அனுப்பும்போது அவுட்லுக் நினைவில் வைப்பது நாம் அறிந்த இமெயில் முகவரியை அல்ல. எக்ஸ்சேஞ்ச் தனக்குள் வைத்திருக்கும் நீண்ட உள்முகவரி ஒன்றை. ஒருவர் வேலையை விட்டுப் போய்த் திரும்பி வந்தால், அட்மின் பழைய மெயில்பாக்ஸை நீக்கிவிட்டுப் புதிதாக உருவாக்குகிறார். பெயர் அதே, இமெயில் முகவரியும் அதே. உள்முகவரி மட்டும் வேறு. ஆட்டோகம்ப்ளீட்டில் தேர்ந்தெடுத்தாலும் சரி, அவருடைய பழைய மெயிலுக்கு ரிப்ளை போட்டாலும் சரி, மெயில் திரும்பி வரும். திரும்பி வந்த செய்தியில் ஐஎம்சிஇஏஇஎக்ஸ் என்று தொடங்கும் புரியாத நீண்ட வரி இருந்தால் இதேதான் காரணம். பட்டியலில் அந்தப் பெயரின் மேல் நின்று டெலீட் கீயை அழுத்தி நீக்குங்கள். பிறகு அட்ரஸ் புக்கைத் திறந்து பெயரைத் தேர்ந்தெடுங்கள். எல்லாருக்கும் ஒரே அடியில் சரிசெய்ய, பழைய உள்முகவரியைப் புதிய மெயில்பாக்ஸில் எக்ஸ்500 முகவரியாக அட்மின் சேர்த்துவிடலாம்.

ஆபீஸில் சர்வரைப் பார்ப்பதும் நீங்களேயா?

சின்ன நிறுவனங்களில் கம்ப்யூட்டர் தெரிந்தவர் தலையில் எல்லாம் விழுவது வழக்கம். அவர்களுக்குச் சில சொற்கள். முதலில் வெளி முகவரி காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒருவரை அவசரமாகச் சேர்த்தால் அடுத்த தயாரிப்புக்குக் காத்திருக்க வேண்டாம். உங்கள் சொந்த சர்வர் என்றால் அட்ரஸ் புக்கை அப்டேட் செய்யும் கட்டளையைக் கையால் கொடுக்கலாம். மைக்ரோசாப்டின் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் இந்த உரிமை நமக்குக் கிடையாது; அதுவாகத் தயாராகும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ஒரு நாளைக்கு நான்கு முறை தயாரிப்பதால் பெரிய லாபமில்லை, அவுட்லுக் கேட்பது ஒரு முறைதானே!

எல்லாருடைய போன் எண்ணையும் பதவியையும் ஒரே நாளில் மாற்றுவதென்றால் வெள்ளி மாலையில் செய்யாதீர்கள். மாற்றம் அதிகமானால் அவுட்லுக் சிறிய பைலை விட்டுவிட்டு முழு அட்ரஸ் புக்கையும் இறக்கும். திங்கள் காலை 9 மணிக்கு அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அதைச் செய்தால் கிளை அலுவலக லைன் திணறிவிடும். பிரிவு பிரிவாக, சில நாட்களுக்குப் பரப்பிச் செய்யுங்கள்.

நம் ஊர்ப் பெயர்களுக்கு ஒரு யோசனை. பட்டியல் வரிசையாவது காட்டப்படும் பெயரின் முதல் எழுத்தை வைத்து. இனிஷியலை முன்னால் வைத்தால் ஒரே பெயருள்ளவர்கள் ஏ முதல் இசட் வரை சிதறிப் போவார்கள். பெயர் முதலில், இனிஷியல் கடைசியில், அதற்குப் பின் பிரிவின் பெயர் என்று வையுங்கள். ‘விஜயலட்சுமி ஆர் - விற்பனை’ என்று இருந்திருந்தால் அந்தச் சனிக்கிழமை இரவு அவர் ஒரு நொடி நின்றிருப்பார்.

இன்னொன்று, பலர் யோசிக்காதது. அந்த லேப்டாப்பில் இருப்பது உங்கள் நண்பர்களின் முகவரி மட்டுமல்ல. நிறுவனத்தின் மொத்த ஊழியர் பட்டியல், பதவி, போன் எண்ணோடு. அந்தப் பைல்களுக்குத் தனிப் பூட்டு இல்லை. விண்டோஸ் பாஸ்வேர்டு இருக்கிறதே என்பீர்கள். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் அந்தப் பாஸ்வேர்டுக்கு வேலையில்லை. மேனேஜர் பெயரில் போலி மெயில் அனுப்பிப் பணம் பறிப்பவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? லேப்டாப்பில் பிட்லாக்கர் போன்ற முழு டிஸ்க் என்கிரிப்ஷன் போட்டிருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தொலைந்துபோனால், மெயில் பாஸ்வேர்டை மாற்றியதோடு நிற்காமல் பட்டியலும் போய்விட்டது என்பதை ஆபீஸில் சொல்லிவிடுங்கள்.

எதிர் வீட்டுப் பெண் மெயிலைத் திரும்பப் பெற ரீகால் கொடுத்துப் பார்த்தார். அப்போது படிக்காத மெயிலைத்தான் அது இழுத்தது. அந்த விஜயலட்சுமி ஏற்கனவே திறந்துவிட்டிருந்தார். திங்கட்கிழமை அவரே போன் செய்து, “மேடம், இது எனக்கு வந்த மெயில் இல்லைன்னு தெரிஞ்சது, டெலீட் பண்ணிட்டேன்” என்றாராம். அட்மின் அன்று மதியமே வெளி முகவரிக் கட்டத்தை நிரப்பினார். மாலையில் நம் வீட்டு பிராட்பேண்டில் இணைத்து டவுன்லோட் கொடுத்தோம். ‘விஜயல’ என்று அடித்து கன்ட்ரோல் + கே அழுத்தியதும் இந்த முறை ஒரு சிறிய பெட்டி வந்து, இரண்டு பெயர்களைக் காட்டி, எது வேண்டும் என்று கேட்டது.