வாவிக்கரையில் கூடாரம்: காணி வாங்கும் முன் கணக்குப் பாருங்கள்

சனிக்கிழமை காலையில் செங்கலடிச் சந்தியில் சிறிது நேரம் நின்று பாருங்கள். பதுளை வீதியால் மலைநாட்டிலிருந்து இறங்கி வரும் வாகனங்களும், பொலன்னறுவைப் பக்கமிருந்து வாழைச்சேனையைத் தாண்டி வரும் வாகனங்களும் அங்கேதான் ஒன்று சேர்கின்றன. பெரும்பாலானவை ஏறாவூர், தன்னாமுனை ஊடாக மட்டக்களப்பு நகருக்குப் போகும். அவற்றில் பல குடும்ப வான்கள். பின்பக்கத்தில் பாய், தலையணை, காஸ் அடுப்பு, பெரிய சட்டி எல்லாம் இருக்கும்.

பன்னிரண்டு பேர் வரும் குடும்பத்துக்கு ஹோட்டலில் நான்கு அறையாவது வேண்டும். அந்தச் செலவு எல்லோருக்கும் கட்டாது. ஆறுதலாக வானை நிறுத்தி, சமைத்துச் சாப்பிட்டு, இரவு தங்கிப் போக ஓர் இடம் கிடைத்தால் அவர்களுக்குப் போதும். 2009-க்குப் பின் பாசிக்குடாவில் பெரிய ஹோட்டல்கள் எழுந்தன. அவற்றோடு நமது சிறிய முதலாளி போட்டி போட முடியாது. வாவிக்கரையில் கூடாரத் தங்குமிடம் போடுவது அவர் கைக்கு எட்டும் தொழில். ஆனால் எந்தக் காணி என்பதில்தான் இலாபமும் நட்டமும் இருக்கிறது.

கனடாக்காரர் எதற்குக் காசு வாங்குகிறார்?

கனடாவின் புல்வெளி மாகாணங்களில் இத்தொழில் நன்கு பழகிப்போனது. மானிட்டோபாவில் ரைடிங் மவுண்டன் தேசியப் பூங்காவின் கிளியர் லேக் ஏரிக்கரையில் வாசகாமிங் என்ற தங்குமிடம் உண்டு. கூடாரத்தோடும், படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே அமைந்த ஆர்.வி. என்ற வீட்டு வண்டியோடும் குடும்பங்கள் அங்கே வருகின்றன. வெறும் இடத்துக்கு ஒரு கட்டணம், மின்சாரம் உள்ள இடத்துக்கு அதைவிடக் கூட, தண்ணீரும் கழிவுநீர்க் குழாயும் சேர்ந்தால் இன்னும் கூட என்று வசதியை வைத்தே விலை போடுகிறார்கள். ஏரியின் அழகுக்குத் தனி விலை இல்லை. பனிக்காலத்தில் கூடாரத்துக்கு ஆள் வராது என்பதால், அவர்களின் வியாபாரம் பெரும்பாலும் கோடை மாதங்களை நம்பியது.

நமக்கு இதில் இரண்டு பாடங்கள் உண்டு. வாவியைப் பார்க்க ஒரு முறை வருபவரை மறுமுறை வரவைப்பது தண்ணீரும் மலசலகூடமும். அடுத்தது, பருவகாலம் குறுகியது என்பதை முதல் நாளே கணக்கில் எடுப்பது.

நீர்மட்டம்

மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமானது, ஆழம் குறைந்தது. கோடையில் பாலமீன்மடு முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொள்ளும். மாரி மழை தொடங்கி முகத்துவாரம் திறபடும் வரை வாவி நீர் கரையேறும். ஓகஸ்டில் காய்ந்து கிடக்கும் காணி டிசம்பரில் முழங்கால் தண்ணீராக இருக்கலாம். 2011 ஜனவரி வெள்ளத்தை நாம் மறக்கவில்லை. காணிக்காரரிடம் கேட்பதை விட, அயலிலுள்ள பழைய வீட்டுச் சுவரில் வெள்ளம் விட்ட அடையாளத்தைப் பாருங்கள். மலசலகூடமும் சமையல் கொட்டிலும் அந்த அடையாளத்துக்கு மேலே இருக்க வேண்டும்.

இந்த வாவியில் முதலைகள் உண்டு. வாடிக்கையாளரை வாவியில் குளிக்க விட வேண்டாம். கரையில் எச்சரிக்கைப் பலகையும், உள்ளே குளிக்கத் தொட்டியும் வைக்க வேண்டும்.

கிணறும் மலசலகூடமும்

வாவியோரக் கிணறுகள் பல கோடையில் உவர்க்கும். மாரியில் குடித்துப் பார்த்துக் காணி வாங்குபவர் ஏமாந்து போவார். வாடிக்கையாளர் வருவது கோடையில் என்பதால், கிணற்று நீரையும் கோடையில் பரிசோதிக்க வேண்டும். மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் குறைந்தது 50 அடியாவது விடுங்கள். நமது மணல் நிலத்தில் கழிவுநீர் சீக்கிரம் ஊறிச் செல்லும். குழி வெட்டும் முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்துக் காட்டுவது நல்லது.

பெண்களுக்குத் தனி மலசலகூடம், மறைப்புள்ள குளியலிடம், இரவு முழுவதும் எரியும் விளக்கு ஆகிய மூன்றும் இல்லாத இடத்துக்கு நமது குடும்பங்கள் இரண்டாம் தடவை வரமாட்டா. வுழூச் செய்யக் குழாயும், தொழச் சுத்தமான ஒரு கொட்டிலும் பெரிய செலவல்ல.

நிழலும் தரிப்பிடமும்

தன்னாமுனையில் வாவி மேற்கே கிடக்கிறது. மாலைச் சூரியன் அழகுதான். ஆனால் அதே வெயில் கூடாரத்தைச் சூளையாக்கும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று சூடாக அடிக்கும்போது தகரக் கூரையின் கீழ் குழந்தையைப் படுக்க வைக்க முடியாது. தென்னையோ வேம்போ நிற்கும் வளவைத் தேடுங்கள். இன்று நடும் மரம் நிழல் தரப் பல வருடம் ஆகும். தென்னையின் கீழ் கூடாரம் போடுவதானால் தேங்காயை முன்கூட்டியே பறித்துவிடுங்கள். விறகடுப்பைக் கிடுகு வேலியிலிருந்து தள்ளி வையுங்கள்.

ஹயஸ் வான் மட்டுமல்ல, ரோசா பஸ்ஸும் உள்ளே வந்து திரும்ப வேண்டும். ஒழுங்கையின் அகலத்தையும், தாழ்ந்து தொங்கும் மின்கம்பிகளையும் பாருங்கள். சாரதிக்குப் படுக்க இடமும் சாப்பாடும் கொடுங்கள். அடுத்த குடும்பத்தை அழைத்து வருபவர் அவர்தான்.

சட்டமும் அயலவரும்

1981-ஆம் ஆண்டின் 57-ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம் கடலோடு தொடுக்கும் வாவிகளையும் தொடுகிறது. எனவே முற்பணம் கொடுக்கும் முன், அந்தக் காணியில் என்ன கட்டலாம் என்பதைக் கரையோரம் பேணல் திணைக்களத்திடமும் பிரதேச செயலகத்திடமும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். உறுதி சுத்தமாக இருந்தாலும் ஒதுக்கப் பகுதியில் கட்டியது நிலைக்காது. கண்டல் மரத்தை வெட்டுவதும் வாவியை மண் போட்டு நிரப்புவதும் வழக்கில் கொண்டுபோய் நிறுத்தும்.

தன்னாமுனைக் கரையில் காலங்காலமாக வலை வீசுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தோணி இழுக்கும் பாதையை வேலி போட்டு மறிக்காதீர்கள். மீனையும் இறாலையும் அவர்களிடமே வாங்குங்கள். காவலுக்கும் துப்புரவுக்கும் ஊராரையே வையுங்கள். இன்னொன்று: பெயர்ப்பலகையில் ‘முகாம்’ என்று எழுத வேண்டாம். யுத்தத்தையும் 2004 சுனாமியையும் கண்ட நமது மக்களுக்கு அந்தச் சொல் அகதி வாழ்க்கையைத்தான் நினைவூட்டும்.

70 இரவுக் கணக்கு

வருடத்தில் 52 வாரம். நவம்பர் முதல் பெப்ரவரி வரை மழைக்காலம், ஏறக்குறைய 17 வாரம் போய்விடும். 2026 ரமழான் பெப்ரவரியில் தொடங்கியது. வருடத்துக்கு ஏறக்குறைய 11 நாட்கள் முந்தும் என்பதால், வரும் சில வருடங்களுக்கு நோன்பு மாதத்தின் பெரும் பகுதி மழைக்காலத்துக்குள்ளேயே அடங்கும். ஆகவே மிஞ்சுவது 35 வாரம். வெள்ளி, சனி இரவுகளாக 70 இரவு.

பத்துக் கூடார இடம் இருந்தால் 700. அதில் பாதி நிரம்பினால் 350. ஓர் இடத்துக்கு 5,000 ரூபா என்று உதாரணத்துக்கு வைத்தால் வருட வரவு 17 இலட்சத்து 50 ஆயிரம். காவல், துப்புரவு, மின்சாரம், திருத்த வேலை எல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும். மிஞ்சுவதைக் கொண்டு காணியின் விலையை எத்தனை வருடத்தில் மீட்கலாம் என்று பாருங்கள். பலருக்கு இந்த இடத்தில்தான் விடை கிடைக்கும்: காணியை வாங்காமல் நீண்டகாலக் குத்தகைக்கு எடுப்பதே புத்தி. ஏப்ரல், ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையையும் பெருநாள் கூட்டத்தையும் மேலதிக இலாபமாக வையுங்கள். தவணை கட்ட அதை நம்ப வேண்டாம்.

2019 ஏப்ரல் தாக்குதல்கள், 2020 கொரோனா, 2022 எரிபொருள் தட்டுப்பாடு ஆகிய மூன்றும் இத்தொழிலை எப்படி நிறுத்தின என்பதை நாம் கண்டோம். கூடாரத்தை மடித்து வைத்துக் காத்திருக்கலாம். கடனில் எழுப்பிய மாடிக் கட்டடத்தை மடிக்க முடியாது. எனவே முதல் காசைத் தண்ணீருக்கும் மலசலகூடத்துக்கும் விளக்குக்கும் போடுங்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் எந்த வகையில் பதியலாம் என்பதையும் ஆரம்பத்திலேயே விசாரியுங்கள்.

ஒரு காணி மனதுக்குப் பிடித்தால் ஜனவரியில் ஒரு தடவையும் ஓகஸ்டில் ஒரு தடவையும் போய்ப் பாருங்கள். ஓகஸ்டில் போகும்போது வீட்டாரையும் அழைத்துச் சென்று ஓர் இரவு தங்குங்கள். காலையில் அவர்கள் சொல்லும் குறைகளை எழுதிக்கொண்டு, அதன் பின் விலை பேசுங்கள்.