பிளவக்கல் பாறையில் உட்காரலாமா?

வத்திராயிருப்பு வழியா பிளவக்கல் டேமுக்கு பைக்ல போயிருக்கீங்களா? அங்க பாறையில உட்கார்ந்து செல்ஃபி எடுத்திருந்தீங்கன்னா ஒரு செய்தி: அந்தப் பாறை, அதுக்குக் கீழ இருக்கிற மண், ரெண்டுமே கதிரியக்கம் உள்ளவை. பயந்துடாதீங்க. உங்க ஹாஸ்டல் சுவரும் அப்படித்தான், நீங்களும் அப்படித்தான். வளர்ந்த ஒருத்தர் உடம்புல இருக்கிற பொட்டாசியம்-40 மட்டும் நொடிக்குச் சுமார் 4,000 தடவை சிதையுது.

அதனால "மண்ணுல கதிரியக்கம்"னு யாராவது சொன்னா, "எவ்வளவு?"ன்னு முதல்ல கேளுங்க.

மண்ணுல இருக்கிறது முக்கியமா யுரேனியம், தோரியம், பொட்டாசியம்-40. பூமி உருவானப்பவே வந்தவை. தோரியத்தோட அரை ஆயுள் 1,400 கோடி வருஷம், அதனால இன்னும் தீரலை. கிரானைட் மாதிரி பாறைகள்ல இவை கொஞ்சம் கூடுதலா இருக்கும். உலக சராசரி மண்ணுல, கிலோவுக்கு யுரேனியம் 35 பெக்கரல், தோரியம் 30, பொட்டாசியம் 400. அப்படிப்பட்ட மண் மேல தினம் ஐந்து மணி நேரம் இருந்தா வருஷத்துக்குக் கிடைக்கிற டோஸ் சுமார் 0.07 மில்லிசீவர்ட். ஒரு நெஞ்சு சி.டி. ஸ்கேன் சுமார் 7. கணக்கு நீங்களே போட்டுக்கலாம்.

சரி, மண்ணுல அளவு ரொம்ப அதிகமா இருந்தா? அதுக்கு நம்ம தெற்குலயே இடம் இருக்கு. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணல்ல தோரியம் உள்ள மோனசைட் இருக்கு. 1909-ல ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், தேங்காய் நார்ல ஒட்டி வந்த மணலைப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடிச்சார்! கேரளாவின் கருநாகப்பள்ளியிலும் இதே மணல்தான். அங்க திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 69,958 பேரைச் சராசரியா பத்து வருஷத்துக்கு மேல கண்காணிச்சது. மண்ணிலிருந்து வரும் காமா கதிரால புற்றுநோய் கூடினதா 2009-ல வந்த முடிவுகள்ல தெரியலை. ஆபத்து துளிகூட இல்லைன்னு இதை வச்சு சொல்லிட முடியாது. இருந்தாலும் இத்தனை பேர்கிட்டயும் கண்ணுக்குப் படாத அளவு சின்னதுன்னு சொல்லலாம்.

எனக்கு உறுத்துறது வேற ஒண்ணு. யுரேனியம் சிதைஞ்சு ரேடியமாகி, அது ரேடான் என்ற வாயுவா மாறும். நிறம், வாசனை எதுவும் கிடையாது. வெளியில காத்தோட கலைஞ்சுடும். வீட்டுக்குள்ள தரை விரிசல் வழியா ஏறி, மூடின அறையில தேங்கும். அதைச் சுவாசிக்கிறப்போ அதோட சிதைவுப் பொருள்கள் நுரையீரல்ல படியும். ஒரு தாளே தடுத்துடுற ஆல்ஃபா கதிர், உள்ளே போயிட்டா நேரா செல்லைத் தாக்கும். இயற்கையில நமக்குக் கிடைக்கிற வருடாந்திர டோஸ் உலக சராசரியா 2.4 மில்லிசீவர்ட். அதுல பாதி ரேடானால வர்றது. நுரையீரல் புற்றுநோய்க்கு முக்கியமான காரணங்கள்ல இதுவும் ஒண்ணுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு ரேடானால வர்ற ஆபத்து, பிடிக்காதவங்களைவிட சுமார் 25 மடங்கு. ரூம்ல ஜன்னலைச் சாத்திட்டு ஏ.சி. போட்டு தம் அடிக்கிற நண்பர்கள் கவனிக்கவும்.

இதை அளக்கப் பெரிய மெஷின் வேண்டாம். எல்.ஆர்.-115ன்னு ஒரு பிளாஸ்டிக் ஃபிலிம் இருக்கு. அறையில மூணு மாசம் தொங்கவிட்டு, சோடியம் ஹைட்ராக்சைடுல ஊறவச்சா, ஆல்ஃபா பட்ட இடமெல்லாம் ஓட்டையாத் தெரியும். மைக்ராஸ்கோப்ல எண்ணிப் பார்க்கலாம். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிற அளவு, கன மீட்டருக்கு 100 பெக்கரல். ப்ராஜெக்ட் தேடுற ஜூனியர்ஸ், உங்க ஹாஸ்டல் தரைத்தள அறையிலிருந்தே ஆரம்பிக்கலாம்.