கடைமடை வீட்டுக்கும் குறையாத வேகம்

மாத வரம்பு, தினசரி வரம்பு, வரம்புக்குப் பின் ஊர்ந்து போகும் இணையம்: டெல்டா வீடுகள் கேட்க வேண்டியது என்ன?

2005-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பி.எஸ்.என்.எல். நிறுவனம் ‘டேட்டாஒன்’ என்ற பெயரில் பிராட்பேண்ட் சேவையைக் கொண்டுவந்தது. தொடக்க ஆண்டுகளில் பல வீட்டுத் திட்டங்களுக்கு மாதம் 1 ஜிபி அளவில்தான் வரம்பு. 256 கேபிபிஎஸ் வேகத்தில் விடாமல் இறக்கினால் ஒன்பது மணி நேரத்துக்குள் மாத ஒதுக்கீடே காலி. அதற்கு மேல் ஒவ்வொரு எம்பிக்கும் காசு. ஆனால் சில திட்டங்களில் ஒரு சலுகை இருந்தது: இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் வராது.

வரம்பு பற்றிய விவாதத்தின் முடிச்சே அந்த இரவுச் சலுகையில்தான் இருக்கிறது. இறக்கும் ஒவ்வொரு ஜிபிக்கும் நிறுவனத்துக்குச் செலவு என்றால், இரவில் மட்டும் எப்படி இலவசமாகத் தர முடிந்தது? அந்த நேரத்தில் கம்பி சும்மா கிடந்தது. ஆகவே அளவு ஒரு சிக்கலே இல்லை. ஒரே நேரத்தில் எல்லோரும் வந்து சேரும் நெரிசல்தான் சிக்கல்.

முறை வைக்கத் தெரிந்த மண்

நெரிசல் எப்படி நேர்கிறது என்று டெல்டாக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணை தாண்டி வாய்க்கால்களில் பிரிகிறது. தலைமடையில் வயல் நிரம்பி வழியும்போது பேராவூரணி, சேதுபாவாசத்திரம் பக்கத்துக் கடைமடையில் நாற்று காயும். அதனால்தான் தட்டுப்பாட்டுக் காலத்தில் முறை வைத்து விடுகிறோம். இணையமும் பங்கீடுதான். ஒரே இணைப்புத் திறனை 50 வீடுகள் வரை பகிரலாம் என்பது 2009-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வீட்டு பிராட்பேண்டுக்கு வகுத்த வழிகாட்டுதல். மாலை ஏழு மணிக்கு அத்தனை வீட்டிலும் படம் ஓடினால், கடைசி வீட்டில் திரை சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அணையில் மிச்சப்படுத்திய தண்ணீர் நாளைக்கு உதவும். அதிகாலை மூன்று மணிக்குப் பயன்படாமல் போன இணைப்புத் திறனை மாலைக்குச் சேர்த்துவைக்க முடியாது. ஆகவே மாதம் முழுவதற்கும் போடும் வரம்பு மாலை நெரிசலைத் தீர்க்காது. 2020 மார்ச்சில் கொரோனா முடக்கம் வந்தபோது அமெரிக்காவில் காம்காஸ்ட், ஏடி அண்ட் டி போன்ற நிறுவனங்கள் வீட்டு இணைய வரம்பைத் தற்காலிகமாக விலக்கின. ஊரே வீட்டில் அடைந்து கிடந்த நாட்களிலும் வலையமைப்பு தாங்கியது.

நிறுவனங்களின் வாதத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. வீட்டு இணைப்பை வாங்கிக் கடைக்கு விற்பவர்கள் உண்டு. இரவு பகலாக இறக்கித் தள்ளுபவர்களும் உண்டு. அவர்களை நெரிசல் நேரத்தில் மட்டும் மட்டுப்படுத்தலாமே!

யாருக்கு முடிந்தது, யாருக்கு முடியவில்லை?

ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டுக்கு இந்த விவாதம் ஏறத்தாழ முடிந்துவிட்டது. 2020-இல் போட்டி சூடானபோது ‘அன்லிமிடெட்’ திட்டங்கள் வந்தன. அவற்றில் பலவற்றுக்குள்ளும் மாதம் 3,300 ஜிபி என்ற எல்லை இருக்கிறது. நாளுக்கு 110 ஜிபி. சாதாரணக் குடும்பம் அதைத் தொடவே தொடாது.

ஆனால் ஃபைபர் எட்டாத கிராமத்தில் அப்பாவின் கைப்பேசி ஹாட்ஸ்பாட்தான் வீட்டு பிராட்பேண்ட். நாளுக்கு 1.5 அல்லது 2 ஜிபி. தீர்ந்தால் பல திட்டங்களில் வேகம் 64 கேபிபிஎஸ். அந்த வேகத்தில் 2 எம்பி அளவுள்ள ஓர் அடங்கல் நகலை ஏற்றவே நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் ஓடிபியின் நேரம் முடிந்துபோகும். சம்பா பயிர்க் காப்பீடு, கொள்முதல் நிலையத்துக்கான பதிவு, பட்டா, பி.எம். கிசான் எல்லாமே இணையத்துக்குப் போய்விட்ட காலம் இது. ஒரு நாள் ‘நெட்’ தீர்ந்தது என்பதற்காக ஒரு விவசாயி காப்பீட்டுக் கடைசித் தேதியைத் தவறவிடலாமா?

கல்வியிலும் இதே கதை. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகள் உள்ளிட்டவற்றின் 9.69 லட்சம் மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி இலவசமாகத் தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது. காணொளி வகுப்பு மணிக்கு அரை ஜிபி முதல் ஒரு ஜிபிக்கு மேல் வரை இழுக்கும். உதவி பெரிது, தேவை அதைவிடப் பெரிது.

விதி இருக்கிறது, போதவில்லை

2016 அக்டோபரில் டிராய் ஓர் உத்தரவு போட்டது. வரம்பு தாண்டினாலும் கம்பிவழி பிராட்பேண்டின் வேகம் 512 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழே இறங்கக் கூடாது. ஒதுக்கீட்டில் 50 சதவீதமும் 90 சதவீதமும் தீரும்போது வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும். அன்று பிராட்பேண்ட் என்பதற்கான வரையறையே 512 கேபிபிஎஸ்தான். 2023 ஜனவரியில் அந்த வரையறை 2 எம்பிபிஎஸ் ஆனது. பிராட்பேண்ட் என்று பணம் வாங்கினால், வரம்புக்குப் பின்னும் தருவது பிராட்பேண்டாக இருக்க வேண்டும். வரையறை உயரும்போதெல்லாம் இந்தக் கீழ்வரம்பும் தானாக உயர வேண்டும். கைப்பேசித் திட்டங்களுக்கும் ஒரு கீழ்வரம்பு வேண்டும். அரசுச் சேவைத் தளங்களாவது தடையின்றித் திறக்கும் அளவுக்கு.

விளம்பரத்தில் ‘அன்லிமிடெட்’ என்று பெரிய எழுத்தில் போடுபவர்கள், வரம்பையும் அதற்குப் பிந்தைய வேகத்தையும் அதே அளவு எழுத்தில் போட வேண்டும். மாலை நேரத்தில் உண்மையில் கிடைக்கும் வேகத்தையும் சொல்ல வேண்டும்.

நம் பக்கமும் வேலை இருக்கிறது. வேகம் குறைந்தால் நிறுவனத்தில் புகார் எண் வாங்குங்கள். தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைத்தொடர்புப் புகார்களையும் அங்கே விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுசெல்வது பாரத்நெட் திட்டத்தின் இலக்கு. ஊராட்சி அலுவலகம் வரை வரும் கம்பி எத்தனை தெருக்களுக்கு, எந்தத் தேதிக்குள் போகும் என்பதை அடுத்த கிராம சபையில் கேளுங்கள். பதிலைத் தீர்மானமாக எழுதி வாங்குங்கள்.