உஷார்! கூட்டாளி நீட்டும் ஊசி

வலிக்கு டாக்டர் எழுதித் தரும் டேபென்டடால் மாத்திரையை போதைக்காக ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்களைப் பற்றி தமிழ்நாட்டில் அடிக்கடி செய்தி வருகிறது. மாத்திரையே ஆபத்து. அதே ஊசி கூட்டாளி செட்டில் உள்ள எல்லோர் கைக்கும் போவது அதைவிடப் பேராபத்து!

1990 வாக்கில் மணிப்பூரில் ஊசியை மாற்றி மாற்றி ஹெராயின் போட்டுக்கொண்டவர்களிடையே எச்.ஐ.வி. புகுந்தது. சில மாதங்களிலேயே பரிசோதனைக்கு வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தொற்று. 2015-ல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், ஆஸ்டின் என்ற சிற்றூரை மையமாகக் கொண்டு சுமார் 180 பேருக்கு எச்.ஐ.வி. பரவியது. இங்கே போலவே அங்கும் ஊசியில் ஏறியது வலி மாத்திரைதான்.

ஆபத்து தெரியாமலா ஊசியை மாற்றிக்கொள்கிறார்கள்? பலருக்கும் தெரியும். ஆனால், 'நம்ம பையன்தானே, அவனுக்கு என்ன நோய் இருக்கப்போகுது?' என்ற நம்பிக்கை கண்ணை மறைக்கிறது. வேண்டாம் என்றால் கூட்டாளியைச் சந்தேகப்பட்டதாகிவிடுமே என்ற கூச்சம் வாயை அடைக்கிறது. புதிதாகச் சேர்ந்தவனுக்குத் தானே போட்டுக்கொள்ளத் தெரியாது. மற்றவர் போட்டுவிடும் ஊசிக்குக் கையை நீட்டுகிறான். போதை இறங்கி உடம்பு முறுக்கும்போது புது ஊசி தேடப் பொறுமை இருக்காது. பையில் ஊசி இருந்தால் போலீஸ் பிடிக்கும் என்ற பயம் வேறு. மனம் உடைந்தவனோ, 'எனக்கு என்ன ஆனா யாருக்கென்ன?' என்று துணிந்துவிடுகிறான்.

எச்.ஐ.வி. முகத்தில் தெரியாது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி கிருமி சிரிஞ்சுக்குள் பல வாரங்கள்கூட உயிரோடு இருக்கலாம். தண்ணீரில் அலசினால் போய்விடாது. இந்த இரண்டு தொற்றும் மனைவிக்கும், பிறக்கும் குழந்தைக்கும் போகலாம்.

பெற்றோரே, பிள்ளையின் கையில் ஊசித் தழும்பு, பையில் காலி மாத்திரை அட்டை, வெயிலிலும் முழுக்கைச் சட்டை என்று கண்டால் உஷார்! அடித்து விரட்டாதீர்கள். வீடு கைவிட்டால் அவனுக்கு அந்த செட்டுதான் கதி. 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணில் பேசுங்கள். அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது. எய்ட்ஸ் உதவி எண் 1097. எச்.ஐ.வி.க்கும் ஹெபடைடிஸ் சி-க்கும் அரசு இலவசமாக மருந்து தருகிறது. ஹெபடைடிஸ் சி பெரும்பாலானோருக்கு 12 வாரங்களில் குணமாகிறது.

தம்பி, இந்தப் பழக்கத்தை இன்றே விட முடியாவிட்டாலும் அடுத்தவர் ஊசியை இன்றே விட முடியும். உயிர்த்தோழனே நீட்டினாலும் தொடாதே!