ஊருக்கு அனுப்புமுன் ஒரு வார்த்தை

"பையனுக்கு ஜுரம்னா தெருமுனை டாக்டர்கிட்ட காட்டிடுவேன் சார், இதுக்கு யார்கிட்ட போறது?" சங்க அன்பர் ஒருவர் என்னிடம் கேட்டது. பத்தாம் வகுப்புப் பிள்ளை. ராத்திரியெல்லாம் தூக்கமில்லை, காதில் யாரோ பேசுகிறார்கள் என்கிறான். "பேசாம ஊருக்கு அனுப்பிடலாம், பாட்டி பார்த்துப்பாங்க" என்று வீட்டில் முடிவாகியிருந்தது. வெளிமாநிலத்தில் இருக்கும் நம்மில் பலர் எடுக்கும் முடிவுதான் இது.

ஊரில் மட்டும் என்ன வாழ்ந்தது? 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, சங்கிலியை எந்த வடிவிலும் தடை செய்கிறது. நமக்கு முக்கியமானது இன்னொன்று: அரசு தரவேண்டிய சேவைகளில் குழந்தைகள் மனநலமும் ஒன்று என்கிறது. குறைந்தபட்ச சேவைகள் அரசிடம் இல்லையென்றால், அதே மாவட்டத்தில் வேறிடத்தில் பெறும் சிகிச்சைக்கான செலவு அரசைச் சேரும். எந்த மாவட்டம்? நோயாளி வசிக்கும் மாவட்டம். பூர்வீகம் எது என்று சட்டம் கேட்கவில்லை!

பதினெட்டு வயது நிரம்பாதவரை உள்நோயாளியாகச் சேர்ப்பதற்கு 87-ஆம் பிரிவு கடுமையான விதிகளை வைத்திருக்கிறது. இரண்டு மருத்துவ வல்லுநர்கள் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும். அதில் ஒருவராவது மனநல மருத்துவராக இருக்க வேண்டும். வீட்டிலிருந்தபடி வைத்தியம் பார்க்க வழியில்லை என்றால்தான் அட்மிஷன். பெரியவர்கள் வார்டில் போடக்கூடாது, தனி இடம். பெற்றோரோ அவர்கள் ஏற்பாடு செய்யும் துணையோ கடைசிவரை கூடவே தங்க வேண்டும். பெண் குழந்தையென்றால் பெண் துணை. 72 மணி நேரத்துக்குள் மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். பெற்றோர் கேட்டால் டிஸ்சார்ஜ் செய்தாக வேண்டும். பலரும் பயப்படும் ஷாக் ட்ரீட்மென்ட், பெற்றோர் சம்மதமும் வாரியத்தின் முன் அனுமதியும் இல்லாமல் சிறார்களுக்குக் கிடையாது.

சட்டம் மத்திய அரசுடையது. ஆஸ்பத்திரி மாநிலங்களின் பொறுப்பு. தனி வார்டு கட்டுவதும் டாக்டர்களை நியமிப்பதும் மாநிலம் பணம் ஒதுக்கினால்தான் நடக்கும். பத்து ஆண்டுகளுக்குள் போதுமான மனநலப் பணியாளர்கள் இருக்க வேண்டும் என்று சட்டமே கெடு வைத்திருக்கிறது. அது 2028 மே மாதம் முடிகிறது. எம்.எல்.ஏ. நம் சங்க விழாவுக்கு வரும்போது பொன்னாடையோடு இதையும் கேட்டு வைக்கலாம்.

மொழி? நோய் பற்றியும் சிகிச்சை பற்றியும் புரியும் மொழியில் விளக்கம் பெறுவது உரிமை. இந்தி தடுமாறும் அம்மாக்கள் கூச்சப்படாமல் தமிழில் கேட்கலாம். அவசரத்துக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும் தமிழ் உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச சேவை.

அந்தப் பையன் ஊருக்குப் போகவில்லை. இங்கேயே ஓர் அரசு மருத்துவமனையில் அம்மா பதினெட்டு நாள் கூடத் தங்கினார். இப்போது மாதம் ஒருமுறை மாத்திரைக்குப் போய் வருகிறார்கள்.